இடது கிண்ணம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருவுக்கே அது தெரியும். ஆஸ்பத்திரியில் கேட்கவே வேண்டாம். இதய ரத்தக்குழாய் அடைப்பை எடுக்கும் கேத் லேபில் இருபத்திரண்டு வருடமாக நர்ஸ், அதில் ஏழு வருடம் தலைமை நர்ஸ். பியாட்ரிஸ் சிஸ்டர் வருகிறாள் என்றால் டாக்டர்களே குரலைத் தணிப்பார்கள். இதையெல்லாம் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், அந்தச் செவ்வாய்க்கிழமை வரைக்கும்.

அன்று காலை மேஜையில் படுத்திருந்தவர் அனந்தபத்மநாபன். வயது எழுபத்தொன்று. பொதுப்பணித் துறையில் இன்ஜினியராக இருந்து ரிட்டையர் ஆனவர். இதயத்தின் இடது பக்கப் பெரிய குழாயில் அவருக்கு இரண்டு முறை ஸ்டென்ட் வைத்தாயிற்று. இரண்டு முறையும் ஒரே வருடத்தில் அடைத்துக்கொண்டது. சிலருக்கு அப்படித்தான். அந்தக் கம்பி வலையை உடம்பு காலில் ஏறிய முள்ளாக நினைத்துக்கொள்கிறது. குழாயின் சுவரில் அழற்சி வந்து, வீங்கி, உள்ளே சதை வளர்ந்து வழியை மூடிவிடுகிறது. பைபாஸுக்கு அவர் நுரையீரல் தாங்காது என்று சர்ஜன் கைவிரித்துவிட்டார். மிச்சமிருந்தது லேசர். மெல்லிய குழலை உள்ளே செலுத்தி, ஒளியால் அந்தச் சதையைக் கரைத்து வழி பண்ணுவது. ஏற்கெனவே புண்பட்டிருக்கும் குழாய் நடுவில் கிழிந்துவிட்டால் அவரைக் காப்பாற்ற வேறு வழி இல்லை. அது அவருக்கும் தெரியும்.

"சிஸ்டர், உள்ளே நீங்க கடைசி வரைக்கும் இருப்பேளோல்லியோ?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மயக்க மருந்து கிடையாது, மணிக்கட்டில் மரத்துப்போக ஒரு ஊசி மட்டும். நடப்பதெல்லாம் அவர் காதில் விழும்.

"நான் இல்லாம இங்க யாரு சார் மேய்க்கிறது இவங்கள?" என்றேன். சிரித்தார். எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று.

என் டிராலியில் எப்போதும் இரண்டு கிண்ணங்கள். இடது கிண்ணத்தில் சலைன் என்கிற உப்புநீர், வலது கிண்ணத்தில் டை. டை என்பது எக்ஸ்ரே படத்தில் குழாயைக் கறுப்பாகக் காட்டும் மருந்து. பெயருக்குத்தான் சாயம். அதற்கு நிறமே கிடையாது. சலைன் பக்கத்தில் வைத்தால் இரண்டும் தண்ணீர்தான், எவராலும் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் கிண்ணத்தில் பெயர்ச்சீட்டு ஒட்ட வேண்டும் என்பது விதி. விதியெல்லாம் நேற்று வந்தவர்களுக்கு என்பது என் கட்சி.

ஸ்னேஹா சேர்ந்து நான்கு மாதம். சீட்டுப் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "லேபிள் பிரிச்சுக் குடுக்கட்டுமா சிஸ்டர்?" என்றாள்.

"இருபத்தி ரெண்டு வருஷமா இடது சலைன், வலது டை. ஒட்டியே ஆகணும்னா உன் டிஃபன் பாக்ஸ்ல ஒட்டிக்கோ."

லேசர் மெஷினை இயக்கும் டேரில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அவள் முகம் சுண்டிப்போயிற்று.

டாக்டர் அச்யுத் டை செலுத்திப் படம் எடுத்து, அடைப்பைத் தாண்டி, லேசர் குழலுக்கு வழிகாட்டும் மெல்லிய கம்பியை அனுப்பினார். எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு மெஷினை உள்ளே உருட்டி வந்தார்கள். அதற்கு இடம் போதவில்லை. டிராலியைத் திருப்பி என் மறுபக்கம் தள்ளு என்று ஸ்னேஹாவிடம் சொன்னேன். தள்ளினாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

லேசருக்கு ஒரு விதி உண்டு, அதில் மட்டும் எவரும் விளையாட மாட்டோம். அந்த ஒளி டையில் படக் கூடாது. பட்டால் உள்ளே குமிழி கிளம்பி வெடிக்கும், குழாய்ச் சுவர் கிழியும். அதனால் டை போன பழைய டியூபைக் கழற்றிவிட்டுப் புது டியூப், புது சிரிஞ்ச் மாட்டுவோம். குழாயைச் சலைனால் அலசிக்கொண்டே லேசரைப் போடுவோம்.

"லைன் புதுசா?" என்றார் டாக்டர்.

"புதுசு சார்."

"சலைன்தானே?"

"சலைன்தான்."

இடது கிண்ணத்திலிருந்து நானே இழுத்து நிரப்பினேன். லேசர் ஒளி கண்ணில் படாமல் எல்லோரும் கண்ணாடி மாட்டிக்கொண்டோம், அனந்தபத்மநாபனுக்கும் ஒன்று. டாக்டர் சிரிஞ்சை அழுத்தி அலச ஆரம்பித்தார்.

"கொஞ்சம் டைட்டா போகுது."

"லேசர் குழல் உள்ள இருக்குல்ல சார், எடம் கம்மி," என்றேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது.

"ரெடி," என்றான் டேரில்.

அடுத்த சிரிஞ்சை நீட்டும்போதுதான் என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒட்டின. கையுறை மேல் கையுறை, பிரிக்கும்போது ஒரு இழுப்பு. மறுபடி தேய்த்துப் பார்த்தேன். மறுபடி ஒட்டியது. சலைன் ஒட்டாது. பாகு மாதிரி பிசுபிசுப்பது டைதான்.

காலையில் சிந்திய டையாக இருக்கலாம். ஆனால் டியூப் மாற்றும்போது கையுறையையும் மாற்றியிருந்தேனே? டிராலியைப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. டிராலியைத் திருப்பினால் கிண்ணமும்தானே திரும்பும்? இடது இப்போது வலது.

சொல்கிறேன், வெட்கத்தை விட்டே சொல்கிறேன். அந்த நேரத்திலும் முதலில் நினைத்தது அவர் உயிரை அல்ல. டேரில் முன்னால், இந்தப் பெண் முன்னால், நான் எப்படிச் சொல்வது? ஒருவேளை சலைனாகவே இருந்துவிட்டால்? டாக்டரின் வலது கால் லேசர் பெடலைத் தேடி நகர்ந்துகொண்டிருந்தது.

"நிறுத்துங்க!"

அவர் கால் அந்தரத்தில் நின்றது. "என்ன சிஸ்டர்?"

"அது சலைன் இல்ல. டைன்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறீங்களா?" அவர் குரல் ஏறியது. "நீங்கதானே ஃபில் பண்ணீங்க?"

"நான்தான். லேசர் வேண்டாம் சார். எக்ஸ்ரே மட்டும் போட்டு, அந்த சிரிஞ்சை அழுத்திப் பாருங்க."

சலைனாக இருந்தால் திரையில் ஒன்றும் தெரியாது. மாதாவே, ஒன்றும் தெரியக் கூடாது, நான் மானங்கெட்டவளாகவே போகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். டாக்டர் அழுத்தினார். திரையில் அந்தக் குழாய் முழுவதும், கிளை கிளையாக, கறுகறுவென்று எழுந்தது.

டேரில் மெஷினை அணைத்தான்.

"எல்லாத்தையும் மாத்துங்க," என்றார் டாக்டர். திட்டியிருந்தால் தேவலை. புதுக் கிண்ணங்கள் வந்தன. ஸ்னேஹா கேட்காமலே சீட்டுப் பாக்கெட்டைப் பிரித்து நீட்டினாள். பழக்கமில்லாததால் 'சலைன்' சீட்டைக் கோணலாகத்தான் ஒட்டினேன். நிரப்பிய சிரிஞ்சை எக்ஸ்ரேயில் சோதித்தோம். திரை வெறுமையாக இருந்தது. பிறகு லேசர் ஓடியது, பத்துப் பத்து வினாடியாக ஆறு தடவை. கடைசிப் படத்தில் ரத்தம் தடையில்லாமல் நுனி வரை ஓடியது.

வெளியே கை கழுவும் இடத்தில் டாக்டர் சொன்னார். "நடந்த தப்பை ஃபார்ம்ல எழுதிடுங்க. ஒண்ணும் ஆகலையே, பேஷன்ட்கிட்ட நானே பதமா சொல்லிக்கறேன்." நல்ல மனுஷர். எனக்கு அந்த நல்லதனம் அப்போது எவ்வளவு இனித்தது!

மதியம் வார்டில் அனந்தபத்மநாபன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் நிறம் வந்திருந்தது. ஸ்னேஹா பக்கத்தில் நின்று அவர் ரத்த அழுத்தத்தைக் குறித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன்.

"நிறுத்துங்கோன்னு ஒரு குரல் கேட்டுதே, அது நீங்கதானே? அப்பறம் பேசினதெல்லாம் மெஷின் இரைச்சல்ல சரியா விழலை. நீங்க இருந்தது என் பாக்கியம்." குரலைத் தாழ்த்தி, ஸ்னேஹா பக்கம் கண்ணைக் காட்டினார். "சின்னப் பொண்ணு ஏதோ மாத்திக் குடுத்துட்டாளாக்கும்?"

ஸ்னேஹாவின் பேனா நின்றது. அவள் நிமிரவில்லை. மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னை எதிர்த்துப் பேசக் கூடாது என்று அவளுக்குப் பழக்கியவள் நான்தானே.

"அவ இல்ல சார். அவ சீட்டு ஒட்டலாம்னு சொன்னா, நான்தான் வேண்டாம்னு கிண்டல் பண்ணேன். மாத்திக் குடுத்தது நான். அரை நிமிஷம் லேட்டாகியிருந்தா உங்க குழாய் கிழிஞ்சிருக்கும்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகத் தெரியவில்லை. மெதுவாகக் கையை என் கையிலிருந்து உருவிப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.

"மறுபடி அடைச்சுண்டா இங்கேதானே வரணும்," என்றார்.

"ஆமா சார். அப்ப நான் உள்ள இருக்கணுமா, வேண்டாமான்னு நீங்க சொல்லுங்க."

"யோசிச்சுச் சொல்றேன்மா," என்றார்.

"சரி சார்," என்றேன். அந்த ஃபார்மை எழுதப் போனேன்.