வெள்ளித்தாள் சுற்றிய ஃபியூஸ்

மேசையைத் துடைக்கும்போதுதான் மெக்கானிக் அந்தப் புது ஃபியூஸைப் பார்த்தார். உறைகூடப் பிரிக்கவில்லை. மெஷினுக்குள் இருக்க வேண்டியது இங்கே கிடக்கிறது என்றால், உள்ளே இருப்பது எது? 

சம்பந்தி வீட்டுக்குப் பழுது பார்த்து அனுப்பிய நாற்பது வருடப் பழைய பின்பால் விளையாட்டு மெஷின் அது. கண்ணாடி மூடிக்குக் கீழே இரும்புக் குண்டு ஓடும், மணி அடிக்கும், புள்ளி காட்டும் எண்கள் மட்டும் எரியாது. டிஸ்ப்ளேவுக்கு இருநூறு வோல்ட் போகும் வழியில் எங்கேயோ ஷார்ட். போட்ட ஃபியூஸ் எல்லாம் போட்ட நொடியில் போயிற்று. கையிருப்பு தீர்ந்தது. கடைக்குப் போகச் சோம்பல். “ரெண்டே நிமிஷம்” என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, போன ஃபியூஸின் மேல் சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுற்றிச் சொருகினார். கோளாறு மூன்றாவது டிஸ்ப்ளேவில் என்று தெரிந்தது. ஒட்டுப்போட்டு சரி செய்தார். எண்கள் எல்லாம் ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று எரிந்தன. பிறகு புது ஃபியூஸ் வாங்கி வந்தபோது சம்பந்தி வீட்டு வண்டி வாசலில் நின்றது. அவசரமாகப் பெட்டியை மூடி ஏற்றிவிட்டார்.

ஃபியூஸ் இருப்பதே உருகுவதற்குத்தான். வெள்ளித்தாள் லேசில் உருகாது. அதற்குப் பதில் மெஷினுக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் எரியும், அப்புறம் மரப்பெட்டி, அப்புறம் வீடு. அந்த வீட்டில்தான் அவர் மகளும் ஏழு மாதப் பேரனும் இருக்கிறார்கள்.

மகளுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மீதி இருந்தது சம்பந்தி.

அவரிடம் சொல்வதற்கு இவர் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம். சம்பந்தி எலக்ட்ரீஷியன். கல்யாண வீட்டில் ஃபியூஸ் கட்டையில் தடிமனான கம்பியைக் கட்டியிருந்தார் என்று, நாற்பது பேர் முன்னால், “இது வேலை இல்ல சம்பந்தி, கொலை” என்று வெளுத்து வாங்கியவர் நம் மெக்கானிக். பேரன் பிறந்த பிறகுதான் பேச்சுவார்த்தையே திரும்பியது. வேறு வழியில்லாமல் அவருக்கே போன் போட்டார்.

“சொல்லுங்க சம்பந்தி! காலையிலேர்ந்து மெஷினை நிறுத்தவே இல்ல. ஜோரா ஓடுது!” பக்கத்தில் பேரன் கெக்கெக்கென்று சிரித்தான்.

“சும்மாதான்... டிஸ்ப்ளே எல்லாம் எரியுதா?”

“மூணாவது மட்டும் கண்ணைச் சிமிட்டுது. லேசா உறுமுது. பழசுன்னா அப்படித்தானே?”

 ஷார்ட் திரும்பிவிட்டது. சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது; வாய் பூசி மெழுகியது.

“கொஞ்சம் ஆஃப் பண்ணி வைங்களேன். பழைய சாமான், ஓய்வு குடுக்கணும்.”

“அட, இப்பதான் ஆட்டம் சூடு பிடிச்சிருக்கு!”

“இல்ல, இன்னிக்கு வோல்டேஜ் வேற ஏறி இறங்குதாம்...”

“ஸ்டெபிலைசர் இருக்கு. நானே போட்டது.” சம்பந்தியின் குரலில் சுருதி குறைந்தது. “என் வேலையில உங்களுக்கு இன்னும் நம்பிக்கை வரலையா?”

மெக்கானிக் போனை மறு காதுக்கு மாற்றினார். 

“அது கிடக்கட்டும்,” என்றார் சம்பந்தி. “ஏதோ வார்னிஷ் வாடை வருதே, அது ஏன்?”

டிரான்ஸ்ஃபார்மர் வேகும் வாடை. மானமாவது மண்ணாங்கட்டியாவது.

“பிளக்கைப் பிடுங்குங்க! ஃபியூஸ்ல வெள்ளித்தாள் சுத்தி வச்சுட்டேன். நான்தான் வச்சேன்! பிடுங்குங்க சம்பந்தி!”

எதிர்முனையில் போன் எங்கோ விழுந்தது. ஏதோ உருண்டது. மகள் வீறிட்டாள். பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. “ஹலோ, ஹலோ” என்று மெக்கானிக் கத்திக்கொண்டே இருந்தார். 

“பிடுங்கியாச்சு.” சம்பந்திக்கு மூச்சு வாங்கியது. “பின்னாடி ஒரே புகை.”

“பேரன்?”

“அவங்கம்மா கையில இருக்கான்.”

திட்டுவார் என்று மெக்கானிக் காத்திருந்தார். திட்டியிருக்கலாம். சம்பந்தியோ அழுதுகொண்டிருந்தார்.

“ஓய்வு குடுக்கணும், வோல்டேஜ் சரியில்லைன்னு நீங்க சொல்லிக்கிட்டிருந்தீங்களே, அவ்வளவு நேரமும் அந்தக் கண்ணாடி மேலதான் சம்பந்தி அவனை உட்கார வச்சிருந்தேன்.”