மங்கலில் நின்ற வெள்ளைச் சட்டை

சாந்தன்பாறையில் கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கும் ஜிஸ்மிக்கு, ஒரு பழைய படத்தின் மேல் தீராத ஆசை. அம்மா பிலோமி கல்யாணத்துக்கு முன்னால் மாதா கோயில் திருவிழாவில் எடுத்துக்கொண்ட கறுப்பு வெள்ளைப் படம். முகம் பளிச்சென்றிருக்கும்; பின்னாலிருந்த மரமும் ஜனமும் வெளிச்சமும் கலங்கி, அம்மாவைச் சுற்றி வட்டமிடுவது போலத் தெரியும். ஜிஸ்மியிடமிருந்த புது லென்ஸ் எதிலும் அந்தச் சுழல் விழவில்லை. அம்மா அப்பாவின் கல்யாண நாளுக்கு அதே மாதிரி ஒன்று எடுத்து மாட்டவேண்டும் என்று, பழைய லென்ஸ்கள் மூன்றை வரவழைத்திருந்தாள்.

ஒரு காலையில் அம்மாவை ஏலக்காட்டு ஓரத்தில் நிறுத்தினாள். நிழல்மரங்களின் இலையிடுக்கில் வெயில் பொட்டுப்பொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒரே இடத்திலிருந்து மூன்றிலும் எடுத்தாள். ஜப்பான் லென்ஸில் பச்சையெல்லாம் மூடுபனி விழுந்தாற்போல் ஒன்றுக்குள் ஒன்று கரைந்திருந்தது. ஜெர்மன் லென்ஸில் ஒவ்வொரு பொட்டும் சோப்புக் குமிழியாய் விளிம்பு கட்டி நின்றது. ரஷ்ய லென்ஸில்தான் அந்தப் பொட்டுகள் ஏலக்காய் போல நீண்டு, அம்மாவின் முகத்தைச் சுற்றிவந்தன.

"இதுதாம்மா! அன்னைக்கு உன்னைப் படமெடுத்த ஸ்டூடியோக்காரரும் இந்த மாதிரி லென்ஸ்தான் வச்சிருந்திருக்கணும்" என்று ஜிஸ்மி குதித்தாள்.

பிலோமி கேமராவை வாங்கி உற்றுப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தப் படம் மாதிரி இல்லட்டி."

"ஏன்மா?"

"அதுல என் தோள்கிட்ட ஒரு வெள்ளை தெரியும்லா? அது உங்கப்பா சட்டை."

ஜிஸ்மி இத்தனை வருஷமும் அதை விளக்கு வெளிச்சம் என்றே நினைத்திருந்தாள்.

"அப்ப எங்கூட ஒரு வார்த்தை பேசினது கிடையாது. நான் படத்துக்கு நிக்கவும், அவுகளும் பின்னால வந்து நின்னுக்கிட்டாக. படத்துல விழணும்னுதான். படத்தைக் கழுவி வந்தா ஆளையே காணோம், வெறும் மங்கல். எனக்குத் தெரியாதா, யாருன்னு? அதான் பத்திரமா வச்சிருக்கேன்."

ஜிஸ்மி ஓடிப்போய் அப்பா மரியஜோசப்பைக் கையோடு கூட்டி வந்தாள்.

"யாரு சொன்னா? நான் தேரைப் பாத்துக்கிட்டுல்லா நின்னேன்" என்றார் அவர்.

"தேரு அந்தப் பக்கமா போச்சு" என்றாள் பிலோமி.

அவர் வெள்ளைச் சட்டையோடு பிலோமிக்குப் பின்னால் மரத்தடியில் போய் நின்றார். ஜிஸ்மி ரஷ்ய லென்ஸில் அம்மாவின் முகத்தைத் தெளிவாக்கி ஒன்று எடுத்தாள். அப்பா வெள்ளைக் கறையாகச் சுழலுக்குள் போய்விட்டார். அவளுக்கு மனசு கேட்கவில்லை. லென்ஸின் வளையத்தை மெல்லத் திருகினாள். அம்மா கலங்க, மங்கலுக்குள்ளிருந்து அப்பா கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தார். நரைத்த மீசை, சட்டைப் பொத்தான், கண். அவர் கேமராவைப் பார்க்கவில்லை. முன்னால் நின்ற பிலோமியின் கொண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஜிஸ்மி அதையும் எடுத்தாள்.

இரண்டையும் காட்டியபோது மரியஜோசப் கேமராவைக் கண்ணருகே கொண்டுபோய் இரண்டாவது படத்தைப் பார்த்தார். பிறகு, "அன்னைக்குப் படமெடுத்த ஆளும் இப்படி ஒருதடவை திருகியிருக்கலாம்" என்றார்.

"திருகியிருந்தா எங்கண்ணன் கண்ணுல பட்டிருக்கும். உங்க முதுகுத் தோலை உரிச்சிருப்பான்" என்றாள் பிலோமி. சிரிப்பை அடக்க முடியாமல் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.