மரகதத்தின் லாரி கீழே இறங்கியது

நாற்பத்தொரு பேர் கதை எழுத வேண்டும். அந்த நாற்பத்தொரு பேருக்கும் ஆளுக்கொரு கதை பரிசாகப் போக வேண்டும். நான் நடத்தும் ரசிகர் கதைப் பரிமாற்றம் அவ்வளவுதான். யார் யாருக்கு எழுதுகிறார் என்பது எனக்கும் என்னோடு சேர்ந்து இதை நடத்தும் வினோத்ராஜுக்கும் மட்டும் தெரியும். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு எல்லாக் கதையும் இணையத்தில் ஒன்றாகத் திறக்கும். யாரும் வெறுங்கையோடு போகக் கூடாது. மூன்று வருடமாக யாரும் போனதில்லை.

நாங்கள் எல்லாரும் ‘எட்டாம் வளைவு’ டிவி தொடரின் ரசிகர்கள்; அதன் பாத்திரங்களை வைத்துத்தான் கதை எழுதுவோம். லாரி ஓட்டும் மரகதம் போடிமெட்டு மலையிலிருந்து இறங்கும்போது, அடிவாரத்திலிருந்து எண்ணினால் எட்டாவது வளைவில், பிரேக் போய்விடும். அந்த இடத்தோடு தொடரை நிறுத்திவிட்டார்கள், பாவிகள்!

ஞாயிறு நான்கு மணிக்குப் போடி கடைவீதியில் என் ஜெராக்ஸ் கடையில் இருந்தேன். குழுவிலேயே பேர் பெற்ற எழுத்தாளர் செல்வினிடமிருந்து மெசேஜ் வந்தது. “இந்தம்மா கேட்டிருக்கறதுல கதையே இல்ல. நான் எழுதல.” இரண்டு மாதம் கையில் வைத்திருந்துவிட்டு இப்போது சொல்கிறார்!

அவருக்கு ஒதுக்கியிருந்த அந்தம்மா சங்கிலியம்மாள். மார்க்கையன்கோட்டைக்காரர், முதல் தடவை சேர்ந்தவர், தன் கதையை முதல் ஆளாக அனுப்பியவர். மினி லாரியில் மலை எஸ்டேட்டுகளுக்குக் காய்கறி கொண்டுபோகிறார். சேரும் படிவத்தில், என்ன கதை வேண்டும் என்ற கட்டத்தில் இப்படி எழுதியிருந்தார்: “தினம் அந்த ரோட்டுலதான் வாரேன். எட்டாவது வளைவு வந்தா மரகதத்த அங்கனயே விட்டுட்டு வாரமாதிரி இருக்கு. அவள எப்படியாச்சும் இறக்கி விடுங்க.”

இதில் கதை இல்லையாம்! செல்வினைக் குழுவிலிருந்து தூக்கினேன்.

தேனியிலிருந்து வினோத்ராஜ் பதறிக்கொண்டு போன் செய்தான். “யக்கா, அவரு பின்னாடி பத்துப் பேரு போயிருவாக. பேசாம நாப்பதத் திறந்து விட்ருவோம். அந்தம்மாவுக்கு அடுத்த வாரம் பாத்துக்கலாம்.”

“ஏலே, பந்தியில உக்கார வச்சுட்டு ஒருத்திக்கு மட்டும் இலை போடாம விடச் சொல்றியா?”

மாற்று எழுத்தாளர் பட்டியலில் இருந்த ஐந்து பேரையும் கூப்பிட்டேன். ஒருவர் கல்யாண வீட்டில், ஒருவருக்குக் காய்ச்சல், இரண்டு பேர் போனையே எடுக்கவில்லை. கடைசியில் ஏஞ்சல் சொன்னாள்: “முழுக் கதை முடியாதுக்கா. ஒரு வளைவுன்னா இறக்கித் தாரேன்.”

அட, அது போதுமே! எட்டு வளைவுக்கு எட்டு பேர். யாருக்கு என்று சொல்லாமல் குழுவில் கேட்டேன். பத்து நிமிடத்தில் ஏஞ்சலோடு சேர்த்து ஏழு பேர் ஆனார்கள். செல்வின் பின்னால் போவார்கள் என்று வினோத்ராஜ் பயந்தானே, அவர்களில் மூன்று பேர் அதில் இருந்தார்கள். வண்டி எந்த கியரில் உள்ளே வருகிறது, எந்த கியரில் வெளியே போகிறது என்று மட்டும் ஒவ்வொருவருக்கும் சொன்னேன். அனுப்பிய துண்டுகளைக் கோத்துப் பார்த்தால், நான்காவது வளைவில் பறந்துபோன தார்ப்பாய் மூன்றாவதில் திரும்பி வந்திருந்தது. அதைப் பிடுங்கி எறிந்தேன்.

கடைசி வளைவுக்கு ஆளில்லை.

“நீ எழுதுலே,” என்றேன் வினோத்ராஜிடம்.

“எனக்கு எழுத வராதுக்கா!”

“பிரேக் இல்லாத வண்டி வருது. வந்துக்கிட்டே இருக்கு. எழுது.”

ஐந்து ஐம்பத்தாறுக்கு அனுப்பினான். மலையடிவாரத்தில், முந்தலில், லாரி மணல்மேட்டில் ஏறி நிற்கிறது. மரகதம் இறங்கி, டீக்கடைக்கு நடந்துபோய், ஒரு டீ கேட்கிறாள். படுபாவி, என்னை அழவைத்துவிட்டான்.

ஆறு மணிக்கு நாற்பத்தொரு கதைகளும் திறந்தன.

ஏழரைக்குச் சங்கிலியம்மாளின் வாய்ஸ் மெசேஜ் வந்தது. போனில் ஒலியை முழுக்க ஏற்றி வைத்தேன். “இப்பத்தான் முந்தல்ல வண்டிய நிப்பாட்டிப் படிச்சேன் தாயி. இறக்கிட்டீகளே! எட்டுப் பேரும் சேந்து அவள இறக்கிட்டீகளே! அடுத்த வருசம் எவனாச்சும் கைய விரிச்சா எனக்குச் சொல்லுங்க. வண்டிய ஓரங்கட்டிட்டு எழுதித் தாரேன்.” அதோடு ஒரு ஹாரன் அடித்தார் பாருங்கள், நீளமாக, நிறுத்தாமல்.

ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் லாரி வருகிறதென்று பயந்து கடைப்படியில் தாவி ஏறினார்.

ஏறட்டும். எங்கள் மரகதம் வருகிறாள்.