மஞ்சள் என்றால் மஞ்சள்

புதிய பயிர் வரைபடம் அச்சாகி வந்த திங்கட்கிழமை, காலை பத்தரை மணிக்கு, ஊரின் நானூற்றுப் பன்னிரண்டு வயல்களும் அதிலிருந்த நிறத்துக்கு மாறின. நல்ல மண் பச்சையானது, சுமாரானது மஞ்சளானது, ஒன்றுக்கும் உதவாதது சிவப்பானது. முதல் வாரம் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தார்கள். இரண்டாம் வாரம் உட்கார இடம் கிடைத்தது.

வரைந்தவள் வேளாண் அலுவலகக் கணினிக்காரி. வயலுக்கு நாற்பத்தொரு கேள்வி கேட்டு, பதிலை வைத்து நிறமும் பயிரும் சொல்லும் நிரல் ஒன்று அவளிடம் இருந்தது. எத்தனை பதில் சொன்னாலும் அடுத்த கேள்வி கேட்டதால் ஊரார் அதற்கு மாமியார் என்று பேர் வைத்தார்கள்.

தையல்காரிக்கு இரண்டு ஏக்கர். கண் மங்கி ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனதும், அப்பா விட்டுப்போன அந்த நிலத்தில் இறங்கினாள். ஒரு வெள்ளாமை பார், தேறாவிட்டால் விற்றுவிடலாம் என்று பஸ் ஓட்டும் தம்பி கெடு வைத்திருந்தான். கணினிக்காரி போனில், "அக்கா, உங்களுக்கு மஞ்சள் வந்திருக்கு," என்றாள். சுமார் ரகம், சோளம் போடுங்கள் என்று சொல்வதற்குள் தையல்காரி போனை வைத்துவிட்டு விதைக்கிழங்கு வாங்கக் கிளம்பிவிட்டாள். மண்ணே மஞ்சளாகக் கிடக்கும்போது இன்னொரு சாட்சி எதற்கு?

கணினிக்காரி ஓடிவந்தபோது கிழங்கு முளைவிட்டிருந்தது. மஞ்சளுக்குத் தேங்கும் தண்ணீர் ஆகாது; அங்கேயோ ஒரு மழைக்கே முழங்கால் அளவு நிற்கும். தன் ஒரு சொல்லால் ஒருத்தியின் நிலம் போகப் போகிறதே என்று அவள் அழுதாள். விதைத்த பயிரைப் பதிந்தே ஆகவேண்டும் என்பது அலுவலக விதி. இருவரும் மாமியார் முன் உட்கார்ந்தார்கள். நாற்பது கேள்வி ஒழுங்காகப் போயிற்று. கடைசிக் கேள்வி, தண்ணீர் வடியுமா என்பது.

"வடியும்னு போடும்மா."

"பொய் போட மாட்டேன்க்கா. அப்புறம் வயலும் பொய் சொல்லும்."

"சரி, அதை அப்படியே விட்டு வை. பத்து நாள்ல உண்மையாக்கிட்டு வரேன்."

பத்து நாளும் யாரும் அந்தக் கணினியை அணைக்கவில்லை. தையல்காரி தன் அளவு நாடாவால் அளந்து, சுண்ணாம்புத்தூளால் கோடு போட்டு, பாத்திகளுக்கு நடுவே ஓடை வரைக்கும் பதினாறு வடிகால் வெட்டினாள். எல்லாம் தையல் போட்ட மாதிரி நேர். கேலி செய்ய வந்த தம்பி மூன்றாம் நாள் மண்வெட்டியை வாங்கிக்கொண்டான். "விக்கிற நிலம்னாலும் பார்க்க லட்சணமா இருக்கணும்ல," என்றான். பதினோராம் நாள் பெருமழை. கணினிக்காரி குடையோடு வரப்பில் நின்றாள். தண்ணீர் கணுக்கால் அளவு ஏறி, யோசித்து, வடிந்தது. அவள் நனைந்த கையோடு போய் 'ஆம்' அழுத்தினாள்.

வரைபடத்தில் இரண்டு ஏக்கரும் பச்சையாயின. வயல் மட்டும் மாறவில்லை. ஒன்பது மாதம் கழித்து, மஞ்சள் மண்ணிலிருந்து மஞ்சள் கிழங்கைக் கை கொள்ளாத கொத்துகளாகத் தோண்டி எடுத்தார்கள். அக்காவும் தம்பியும் தாடை வரை மஞ்சளாக வீடு திரும்பினார்கள். விற்கிற பேச்சைத் தம்பி அதன்பிறகு எடுக்கவில்லை.

வரைபடமும் வயலும் ஒத்துப்போகவில்லை, ஒன்றைத் திருத்துக என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. கணினிக்காரி மூன்று முறை பச்சையை அச்சிட்டுப் பார்த்தாள். மாமியார் ஒப்புக்கொண்டும் வயல் மசியவில்லை. கடைசியில் அந்த இரண்டு ஏக்கரையும் மறுபடி மஞ்சளாக்கி, வரைபடத்தின் ஓரத்து நிற விளக்கத்தில், மஞ்சளுக்கு நேரே, 'சுமார். தையல்காரி வயலில் மட்டும், மஞ்சள்' என்று சேர்த்தாள். இப்போதும் அப்படித்தான் அச்சாகிறது.