சுந்தரிக்கு மாப்பிள்ளை

சுந்தரிக்குப் பதினெட்டு வயது. பதினெட்டு வயதுக் குதிரை என்றால் பேரப்பிள்ளை கண்டிருக்க வேண்டும். இவள் இன்னும் ஒரு குட்டிகூடப் போடவில்லை. இந்த வருசம் தப்பினால் இனிச் சரிவராது என்று மிருக வைத்தியர் கையை விரித்துவிட்டார். பார்த்து வைத்த மாப்பிள்ளைக் குதிரையோடு சேர்க்கச் சம்மதம் என்று அன்று காலை பத்து மணிக்குள் நானும் என் மனுசன் ஜெயரட்ணமும் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். மணி ஒன்பது. மனுசனோ எங்கள் மல்வேர்ன் வீட்டுக் குசினி மேசையில் இரண்டு குதிரைகளின் வம்சப் பட்டியலையும் விரித்து வைத்து முறை பார்த்துக்கொண்டிருக்கிறார்!

சுந்தரி இரண்டு சில்லு வண்டியில் ஆளை இருத்தி இழுத்துப் போட்டியில் ஓடுகிற சாதி. அந்தப் போட்டியில் பாய்ந்து ஓடக் கூடாது, துள்ளுநடைதான். பாய்ந்தால் ஓட்டுகிறவர் இழுத்துப் பிடித்துப் பின்னுக்கு விட வேண்டும். இவளுக்கும் என்னைப் போலப் பொறுமை கிடையாது. பதினொரு போட்டியிலும் பாய்ந்தாள், ஒன்றிலும் வெல்லவில்லை. ஒருவரும் வேண்டாம் என்று விட்டவளை நாங்கள் வாங்கி, ஒஷாவாவுக்கு அங்கால் ஸ்டெபனியின் பண்ணையில் விட்டோம். எங்களுக்குத்தான் பிள்ளை இல்லை, இவளுக்காவது ஒரு குட்டி இருக்கட்டும் என்று எனக்கு ஒரே ஆசை.

"இஞ்சேரும் மலர், உது சரிவராது" என்றார் மனுசன். "மாப்பிள்ளையின்ர அப்பப்பாவும் சுந்தரியின்ர அப்பப்பாவும் சகோதரம். அப்ப உதுகள் ரெண்டும் அண்ணன் தங்கச்சி முறை."

"குதிரைக்கு என்னப்பா முறை?"

"முறை முறைதான்."

சண்டை பிடிக்க நேரமில்லை. அவர் வழியிலேயே போய்ப் பார்ப்போம் என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டியலின் மற்றத் தொங்கலில் பிடித்தேன். அது 1880களில் போய் நின்றது.

"இஞ்ச பாருங்கோ. 1887இல பிறந்த இந்தக் கிழவி சுந்தரியின்ர தாய்வழி. இவளின்ர தமையன் மாப்பிள்ளையின்ர தாய்வழி. தமையன் பக்கம் ஒண்டு, தங்கச்சி பக்கம் ஒண்டு. மச்சான் முறை வருது!"

"நடுவில பன்னிரண்டு தலைமுறை கிடக்கு."

"கிடந்தா என்ன? முறை முறைதானே?"

மனுசன் விடவில்லை. ஸ்டெபனிக்கு ஃபோன் எடுத்து விளக்கம் கேட்டார். அவள், பாவம், ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள்: இந்தச் சாதிக் குதிரைகள் எல்லாமே நூற்றைம்பது வருசத்துக்கு முந்திய ஒரே கடுவன் குதிரையின் வாரிசுகளாம்.

"ஐயோ, அப்ப சாதி முழுக்க ஒரே வீட்டுப் பிள்ளையளோ!" மனுசன் பேனையை மூடி வைத்துவிட்டார்.

மணி ஒன்பதே முக்கால். எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. கலியாணம் கட்டி நாற்பத்தொரு வருசமாக வாய்க்குள் வைத்திருந்ததை எடுத்து மேசையில் போட்டேன்.

"நீங்களும் நானும் என்ன முறையெண்டு தெரியுமே? உங்கட அப்பப்பாவும் என்ர அப்பப்பாவும் ஒண்டுவிட்ட சகோதரம். உங்கட அம்மாதான் வேற பக்கத்தால சுத்தி வந்து என்னை மச்சாள் ஆக்கினவ!"

மனுசன் விழுந்தடித்து எழும்புவார் என்று பார்த்தேன்.

"தெரியும்" என்றார். "அம்மா சாகேக்க சொன்னவ. அதாலதான் எங்களுக்குப் பிள்ளை இல்லையோ எண்டு எனக்கொரு பயம். இவளுக்கும் அப்பிடி வந்திடக் கூடாது மலர்."

எனக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. இந்த மனுசன் இவ்வளவு காலமும் இதைத் தனியே சுமந்திருக்கிறார். நான் அவரைப் பிடிவாதக்காரன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

"ரெண்டு பேரிலயும் பிழையில்லையெண்டு டொக்டர் கடுதாசியில எழுதித் தந்தவர். மறந்துபோச்சே?"

"டொக்டருக்கு முறை தெரியுமே?"

"விசர்க் கதை கதையாதேங்கோ! உங்கட பயத்துக்கு அவள் வெறும் வயித்தோட நிக்கோணுமே?"

பேனையைத் திறந்து அவர் கையில் திணித்தேன். ஒன்பது ஐம்பத்தாறுக்குக் கையெழுத்து விழுந்தது.

அடுத்த நாள் மாப்பிள்ளை வந்தார். ஆளாக இல்லை, ஐஸ் பெட்டிக்குள், கூரியரில். இந்தக் காலத்தில் விந்துதான் வரும், கடுவன் வராதாம். மனுசன் கோயிலுக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு பண்ணை வாசலில் நின்று பெட்டியை இரண்டு கையாலும் வாங்கினார். கூரியர்காரன் ஒருமாதிரிப் பார்த்துவிட்டுப் போனான்.

வைத்தியர் அதைச் சுந்தரிக்கு ஏற்றிப் பதினாறாம் நாள் ஸ்கான் பண்ணினார். திரையில் திராட்சைப்பழம் அளவில் கறுப்பாக ஒரு வட்டம். ஸ்டெபனி கையைத் தட்டினாள். மனுசன் சுந்தரியின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"பிடிச்சிட்டுது மலர், முறை பிழைச்சும் பிடிச்சிட்டுது" என்று சொல்லிக்கொண்டே விம்மினார். என் முன்னால் அவர் அழுதது அன்றைக்குத்தான். வாயை மூடுங்கோ, ஆக்கள் பார்க்கினம் என்று அவரைத் திட்டித் திட்டி நானும் அழுதேன்.