பொன்னாடை சுற்றிய லேத்

பீளமேட்டுக்குப் பக்கத்து மேல்நிலைப் பள்ளி ஒன்றில் தொழிற்கல்விப் பிரிவுக்கு இரும்பைக் கடையும் புது லேத் வந்திருந்தது. பெற்றோர் சங்கத் தலைவர் சீனிவாசலு வாங்கிக் கொடுத்தது. தொண்ணூற்று நான்காம் வருஷம், ஆடி முடிந்த முதல் திங்கட்கிழமை, அவரே அதை ஓட்டித் தொடங்கிவைப்பதாக ஏற்பாடு.

பாடம் நடத்தும் சிக்கந்தர், பம்ப்செட் கம்பெனியில் பதினெட்டு வருஷம் லேத்தில் நின்றவர். பிளஸ் டூ வகுப்பில் அன்புச்செல்விதான் ஒரே பெண். அவளுடைய கைவேலைதான் சுத்தம் என்பது அவருக்குத் தெரியும். மிசினை அவள் ஓட்டிக்காட்டட்டும் என்று தலைமையாசிரியர் அரங்கசாமியிடம் கேட்டார். பெண்பிள்ளை சந்தனத் தட்டு பிடித்தால் போதும் என்று அவர் சொல்லிவிட்டார்.

சீனிவாசலுவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதைக் கழற்றிவிட்டு வரச் சொல்லியிருக்க வேண்டும். விருந்தாளியிடம் எப்படிச் சொல்வது என்று சிக்கந்தர் தயங்கினார். அதற்குள் சுவிட்சைப் போட்டாயிற்று. இரும்புத்துண்டைப் பிடித்துச் சுழலும் 'சக்' என்ற பாகத்தைப் பார்க்கச் சீனிவாசலு குனிந்தார். பொன்னாடையின் நுனி அதில் சிக்கியது.

கண்மூடித் திறப்பதற்குள் துணி கழுத்தை இறுக்கி, அவர் முகத்தை இரும்பை நோக்கி இழுத்தது. அவருக்குக் குரல்கூட வரவில்லை. தட்டிக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன. சுவிட்சு சிக்கந்தருக்கு இரண்டடி தூரத்தில் இருந்தது. கை எழவில்லை.

தட்டு தரையில் விழுந்தது. அன்புச்செல்வி பாய்ந்து சுவிட்சை அடித்தாள். சக் இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. ரிப்பன் வெட்ட வைத்திருந்த கத்தரியால் துணியை அறுத்தாள். சீனிவாசலு தரையில் உட்கார்ந்து மூச்சுக்குத் திணறினார். கழுத்தைச் சுற்றிலும் ரத்தம் கட்டியிருந்தது.

"சார், நீங்களும் உக்காருங்க. உங்களுக்கு வேர்த்துக் கொட்டுதுங்க," என்றாள் அவள் சிக்கந்தரிடம்.

ஆபத்தில்லை என்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. மறுநாள் அரங்கசாமி ஓர் அறிக்கையை நீட்டினார். சிக்கந்தர் சமயோசிதமாக இயந்திரத்தை நிறுத்தி உயிரைக் காத்தார் என்று அதில் டைப் அடித்திருந்தது.

"நான் நிறுத்தலீங்க. சும்மா நின்னுபோட்டேன்."

"தெரியுமுங்க சார். பொட்டப்புள்ளய மிசினுகிட்ட எதுக்கு உட்டீங்கன்னு மேல கேப்பாங்க. கையெழுத்தப் போட்டுப்போடுங்க."

சிக்கந்தர் தன் பெயரைக் கோடு போட்டு அடித்துவிட்டு, மேலே அன்புச்செல்வி என்று எழுதினார். பொன்னாடையைக் கழற்றச் சொல்லாதது என் தவறு என்று கீழே ஒரு வரி சேர்த்துக் கையெழுத்திட்டார். அரங்கசாமி காகிதத்தையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு பள்ளி முத்திரையைக் குத்தினார்.

அறிக்கை அப்படியே மேலே போனது. பத்தே நாளில் சிக்கந்தரிடம் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அது அவரை அவ்வளவாக உலுக்கவில்லை. கண்ணை மூடினால், பதினெட்டு வருஷம் மிசினில் பழகியும் எழாமல் போன தன் கைதான் தெரிந்தது.