தாசியோ கடை மிளகாய்

ஒஃபீலியாவுக்குக் காலையிலிருந்தே வயிறு எரிந்துகொண்டிருந்தது. எல்லாம் புருஷன் லியாண்ட்ரோவால்தான்.

ஊரே தாசியோவின் பர்கர் கடை வாசலில் வரிசை கட்டி நிற்கிறது. நெடுஞ்சாலைக்கு இந்தப் பக்கம் இவர்களுடைய பர்கர் கடையில் ஈ ஓட்டுகிறார்கள். "அவன் என்ன மந்திரமா போடுறான்? நாக்கு செத்த ஜனங்க!" என்று ஊரைத் திட்டியே லியாண்ட்ரோ ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டான்.

காரணம் அவளுக்குத் தெரியும். போன வருஷம் வரை இவர்கள் பர்கரில் போனது அவள் அப்பா பெலிக்ஸ் விளைவித்த மிளகாய். ஆற்றோர வயலில் பறித்து, இரும்புக் கூண்டில் போட்டுத் தீயில் சுழற்றி, தோல் கருகச் சுட்ட பச்சை மிளகாய். டப்பா மிளகாய் மலிவு என்று லியாண்ட்ரோ அதை நிறுத்திவிட்டான். மாமனாரிடம் நேரில் ஒரு வார்த்தை சொன்னானா? அதுவும் கிடையாது. அந்த மனுஷன் மூட்டைகளோடு வண்டியில் வந்து வாசலில் காத்து நின்றார். இவன் சமையற்கட்டை விட்டு வெளியே வரவேயில்லை. அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு நேராகத் தாசியோவிடம் போனார். மூட்டை எங்கே போயிற்று என்று லியாண்ட்ரோ இன்றுவரை கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை.

"திட்டுறதுன்னா தின்னுட்டுத் திட்டு" என்று இன்றைக்கு அவள்தான் அவனைத் தாசியோ கடைக்கு இழுத்து வந்தாள். மனசுக்குள் ஒரே ஆசை. அந்த மிளகாய் நாக்கில் பட்டதும் அவனுக்குத் தெரிந்துவிட வேண்டும். 'இது மாமா வயலோடது ஆச்சே' என்று சொன்னால் போதும், எல்லாவற்றையும் மன்னித்து அவனை அப்பாவிடம் கூட்டிப் போய்விடுவாள். சொல்லாவிட்டால், இவனுக்காக அந்த அடுப்படியில் வேக வேண்டிய தலையெழுத்து அவளுக்கு என்ன?

"வாங்கக்கா! அடடே, அண்ணனுமா? இன்னிக்கு மழை கொட்டப் போகுது" என்றான் தாசியோ. "மிளகாய் சிவப்பா, பச்சையா?"

"பச்சை. பர்கர்ல எவன்டா சிவப்பு மிளகாய்ச் சாறு ஊத்துவான்?" என்று லியாண்ட்ரோ முறைத்தான்.

"டெக்ஸாஸ்காரங்க கெச்சப்பே ஊத்துறாங்கண்ணே."

பர்கர் வந்தது. லியாண்ட்ரோ பன்னைத் தூக்கிப் பார்த்தான், மோந்து பார்த்தான், பெண் பார்க்க வந்தவன் மாதிரி தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பன் சொதசொதன்னு இருக்கு."

"சாறு இறங்கினா அப்படித்தான் இருக்கும். கறி எப்படி?" என்றாள் அவள்.

"பரவாயில்ல. உப்பு தூக்கல்."

ஒஃபீலியாவும் கடித்தாள். கல்லில் முறுகிய கறி, உருகிய சீஸ், அதற்கு மேலே அந்தக் காரம். புகை வாசனையோடு மெல்ல ஏறி மூக்கில் போய் நின்றது. அவளுக்குக் கண் கலங்கியது. காரத்தால் மட்டும் இல்லை.

"மிளகாய்?" என்று கேட்டாள்.

அவன் கண்ணை மூடி மென்றான். முகத்தில் சிரிப்பு வந்தது. "கண்டுபிடிச்சிட்டேன்" என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "இது நம்ம ஊர் மிளகாயே இல்ல. கேளுங்கப்பா எல்லாரும்! இது கொலராடோ சரக்கு!"

பக்கத்து மாநிலமான கொலராடோவின் மிளகாயை அந்த ஊரில் நாய்கூட மோந்து பார்க்காது. பக்கத்து மேசைக்காரர் கடித்ததை மெல்லாமல் அவனையே பார்த்தார்.

"அண்ணே, வாயை அளந்து பேசுங்க" என்றான் தாசியோ. "எங்கம்மாவைத் திட்டியிருந்தாக்கூடப் பொறுத்திருப்பேன்."

"எங்கப்பா வயல்யா அது!" ஒஃபீலியா எழுந்து நின்று கிறீச்சிட்டாள். "நீ வாசல்ல நிக்க வெச்சு அனுப்பினியே, அந்த மனுஷன் மிளகாய்! அதை வெச்சுத்தான்யா உன் கடையே நின்னுச்சு!"

அவன் முகம் செத்துப் போயிற்று. அப்போதாவது ஒரு வார்த்தை இறங்கி வந்திருக்கலாம். ஊர் பார்க்கிறதே, விடுவானா?

"அப்போ உங்கப்பன் விதையை அங்கேருந்துதான் வாங்கியிருப்பான்."

"ச்சீ! நீயெல்லாம் ஒரு மனுஷனா?"

அவள் உட்கார்ந்தாள். தன் பர்கரை அவசரப்படாமல் கடைசி வாய்வரை தின்று முடித்தாள். விரலைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நாளையிலேருந்து நான் கடைக்கு வரல. அப்பாவோட மிளகாய் சுடப் போறேன்."

லியாண்ட்ரோ பதறிப் போனான். "ஏய், விளையாடாத. அப்போ அடுப்பை யாரு பாப்பா?"

"கொலராடோவுலேருந்து எவளையாவது கூட்டிட்டு வா."